சம்ப் ஓரத்துப் பச்சை விளக்கு

எங்கள் வேலைக்குப் பின்னால் வெளிநாட்டில் ஒரு பெரிய கம்பெனி இருக்கிறது என்றுதான் வீட்டில் நம்பினார்கள். ஆம்பூரில் எங்கள் சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில், உள்ளங்கையில் அடங்கும் சர்க்யூட் பலகைகள் நாலைந்து எப்போதும் ஒயர்களோடு கிடக்கும். திரையும் கீபோர்டும் இல்லாவிட்டாலும் ஒவ்வொன்றும் ஒரு முழுக் கம்ப்யூட்டர். என் மாமியார் ரசச் சட்டியைக் கொண்டுவந்து வைக்கும்போது, "உங்க கம்பெனி சாமான எடும்மா, கொட்டிடப் போகுது" என்பார். ஷூ தொழிற்சாலையில் கட்டிங் சூப்பர்வைசராக இருந்த என் கணவருக்கும் அதே எண்ணம். "அவ்ளோ தூரத்துலருந்து மெயில் போட்டு விசாரிக்கறானுங்கன்னா சும்மாவா? ஒரு நாள் நல்ல வேலையா குடுப்பான் பாரு" என்று பக்கத்து வீடுவரை சொல்லி வைத்திருந்தார்.

அப்படி ஒரு கம்பெனி இல்லை. அந்தப் பலகைகளில் ஓடிய ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை, ஒருவரை ஒருவர் பார்த்தறியாத பலர், பல நாடுகளில் இருந்துகொண்டு, ஓய்வு நேரத்தில் சம்பளமின்றி எழுதிப் பொதுவில் வைத்திருந்தார்கள். யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். அதில் எங்கள் பலகைக்கு மட்டும் என்று பார்த்தால், பின்னால் இருந்தவர் ஒரே ஓர் ஆள். அவர் ஜோலார்பேட்டைக்காரர், பெயர் மார்ட்டின். எனக்கு அடுத்த மேசையில் உட்கார்ந்திருந்தார்.

பலகைக்கு எதிரே ஒரு பெயர்

தோல் தொழிற்சாலைகளின் கழிவு நீரையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துச் சுத்திகரிக்கும் பொது நிலையம் ஒன்றில், கருவிகளைப் பராமரிக்கும் பிரிவில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். பாலிடெக்னிக்கிலும் ஒரே வகுப்பு. அவருடைய அப்பா ஜோலார்பேட்டை ஜங்ஷனில் சிக்னல் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவர்.

கழிவு நீர் முதலில் வந்து விழும் ஆழமான கிணற்றை நாங்கள் சம்ப் என்போம். தோலிலிருந்து சுரண்டிய ஜவ்வும் முடியும் சுண்ணாம்புச் சேறும் சேர்ந்து, அதன் அடியில் இருக்கும் பம்பை அடைத்துவிடும். ஆளை இறக்கக் கூடாது என்பது சட்டம். அடைப்பு வந்தால் இறங்கத்தான் செய்தார்கள். சம்பில் உண்டாகும் வாயு அழுகிய முட்டை போல நாறும். நாற்றம் இல்லாவிட்டால் பயமில்லை என்று பழைய ஆட்கள் நினைத்திருந்தார்கள். உண்மை வேறு. வாயு அதிகமானால் முதலில் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டது என்று நினைத்தவன் அடுத்த மூச்சில் விழுவான்.

வாயுவை அளக்கும் கருவி விலைக்குக் கிடைத்தது. நிலையத்துக்கு ஒன்று வாங்கினார்கள். பதினொரு சம்புக்கு அது எப்படிப் போதும்? எனவே சம்புக்கு ஒன்றாக வைக்க மார்ட்டின் ஒரு பெட்டி செய்தார். ஒரு சென்சார், ஒரு சின்னப் பலகை, ஒரு சிவப்பு விளக்கு, ஒரு ஹூட்டர். வாயு ஏறினால் சிவப்பு எரியும், ஹூட்டர் அலறும். எல்லோரும் பயன்படுத்தும் பிரபலமான பலகை அப்போது எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. பெயர் தெரியாத ஒரு நிறுவனத்தின் பலகைதான் கிடைத்தது. அந்த நிறுவனம் ஒரே ஒரு முறை ஆப்பரேட்டிங் சிஸ்டம் வெளியிட்டது. பிறகு அடுத்த மாடலைக் கொண்டுவந்து, இதை மறந்துவிட்டது. அதனால்தான் பொதுவில் எழுதுகிறவர்களிடம் போனோம்.

அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆதரவு தரப்படும் பலகைகளின் பட்டியலில், ஒவ்வொரு பலகைக்கு எதிரேயும் ஒரு மனிதரின் பெயர் இருக்க வேண்டும். அவரை மெயின்டெய்னர் என்பார்கள். ஒவ்வொரு புதுப் பதிப்பும், அதாவது ரிலீஸும், வெளிவரும் முன்பு அவர் தன் பலகையில் அதை ஏற்றி, சொல்லப்பட்ட சோதனைகளைச் செய்து, ஓடுகிறது என்று தெரிவிக்க வேண்டும். பெயர் இல்லாத பலகை அடுத்த ரிலீஸில் கைவிடப்பட்டவற்றின் வரிசைக்குப் போய்விடும். அதன்பின் அதில் பிழை வந்தால் கேட்க ஆள் இல்லை. மார்ட்டின் தன் பெயரைக் கொடுத்தார். ஒரு பெயர் போதும் என்றது விதி. நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

"நாடி இருக்குது!"

பெட்டியின் மேல் பச்சை விளக்கு வைக்கச் சொன்னது ஏழுமலை. சம்பில் இறங்குகிறவர்களில் அவன்தான் மூத்தவன். இறங்கும்போது கயிற்றைப் பிடிக்கிறவன் அவன் மச்சான் குப்பன்.

"நம்பர்லாம் எனக்கு இன்னாத்துக்கு சார்? பொட்டி உசுரோட கீதா இல்லியா, அத்த மட்டும் காட்டுங்க" என்று கேட்டான்.

"உசுரோட இருந்தா இன்னா பண்ணும்?" என்று மார்ட்டின் சிரித்தார்.

"துடிக்கும் சார்."

அதற்கு ஒரு வசதி ஏற்கெனவே இருந்தது. ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கர்னல், பலகையிலுள்ள சின்ன விளக்கு ஒன்றை இதயத் துடிப்பு போல இரண்டு முறை மினுக்கி, சற்று நிறுத்தி, மறுபடி மினுக்கும். அதை ஹார்ட்பீட் என்பார்கள். மார்ட்டின் ஒரு பெரிய பச்சை விளக்கை அதோடு இணைத்துப் பெட்டியின் மூடியில் பொருத்தினார். முதல் நாள் அது துடித்தபோது ஏழுமலை தன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, விளக்கோடு ஒப்பிட்டுப் பார்த்து, "என்னுதவிட ஸ்பீடா போவுது. ஜாஸ்தி வேலை வாங்குறீங்க போல" என்றான். குப்பன் விழுந்து விழுந்து சிரித்தான்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. இறங்குமுன் ஏழுமலை பெட்டியைப் பார்த்து உரக்க, "நாடி இருக்குது!" என்பான். மேலே குப்பன், "செவப்பு இல்ல!" என்பான். பிறகுதான் கயிறு இறங்கும். யாரும் எழுதி வைத்த விதி இல்லை. ஆனால் எல்லா சம்புகளிலும் அதுவே நடைமுறையாயிற்று. மூக்கை நம்பியவர்கள் விளக்கை நம்பப் பழகினார்கள். அதைப் பழக்குவதற்கு மார்ட்டின் ஒவ்வொரு சம்பாக நடந்தார்.

அந்த முற்பகல்

புதிய ரிலீஸ் ஒன்றை மார்ட்டின் பெட்டிகளில் ஏற்றிச் சில வாரங்கள் ஆகியிருந்தன. சொல்லப்பட்ட சோதனைகள் எல்லாவற்றையும் செய்திருந்தார்: பலகை தொடங்குகிறதா, நெட்வொர்க் வருகிறதா, மெமரி கார்டு படிக்கப்படுகிறதா. எல்லாம் சரியாக இருந்தன.

அன்று மழைக்குப்பின் வந்த புழுக்கம். மூன்றாவது சம்பில் பம்ப் அடைத்துக்கொண்டது. ஏழுமலை பெட்டியைப் பார்த்தான். பச்சை துடித்தது. "நாடி இருக்குது!" என்றான். "செவப்பு இல்ல!" என்றான் குப்பன். ஏழுமலை இறங்கினான்.

பிறகு நடந்ததைக் குப்பன் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறான். ஒரு முறையும் சொற்கள் மாறியதில்லை. "கயிறு திடீர்னு கனத்துடுச்சு மேடம். மச்சான்னு கூப்டேன், பதில் இல்ல. லைட்டப் பாத்தேன். அது பாட்டுக்கு துடிச்சிக்கினு கீது."

வழக்கமாக இப்படி ஒருவன் விழுந்தால் அடுத்தவன் காப்பாற்ற இறங்குவான், இருவரும் போய்விடுவார்கள். குப்பன் இறங்கவில்லை. கயிற்றைத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டு, கத்திக்கொண்டே பின்னால் நடந்தான். சத்தம் கேட்டு ஓடியவர்களில் நானும் இருந்தேன். ஏழுமலை மேலே வந்தபோது அவன் முகம் எங்களுக்குத் தெரிந்த முகமாக இல்லை. வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டான். குரல் மட்டும் கரகரத்துப்போய் அப்படியே நின்றுவிட்டது.

மேனேஜர் வந்தார். சம்ப் ஓரத்தில் பெட்டி இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.

"லைட்டு எரிஞ்சுதா இல்லியா?"

"எரிஞ்சுது சார்" என்றான் குப்பன்.

"அப்பறம் இன்னா பொட்டிப்பா இது?"

மார்ட்டின் லேப்டாப்பைப் பெட்டியோடு இணைத்தார். நான் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். சென்சாரிலிருந்து கடைசியாக வந்த அளவு முந்தைய இரவினுடையது. புது கர்னலில், சென்சாரோடு பேசும் பாதையில் ஒரு பிழை. ஈரம் ஏறினால் பேச்சு பாதியில் நின்று, அளக்கும் புரோகிராம் பதிலுக்காகக் காத்துக்கொண்டே கிடக்கும். அளவு வராததால் சிவப்பு எரியவில்லை. ஆனால் பச்சையைத் துடிக்க வைத்தது புரோகிராம் அல்ல, கர்னல். கர்னலுக்கு ஒன்றும் ஆகவில்லை. சென்சார் ஊமையானது அதற்குத் தெரியாது; தன் துடிப்பை மட்டும் அது காட்டிக்கொண்டிருந்தது.

அவர் லேப்டாப்பை மூடிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"விமலா, எங்கப்பா ஒண்ணு சொல்வாரு. சிக்னல்ல இன்னா கெட்டுப்போனாலும் செவப்புதான் காட்டணும். ஒண்ணுமே காட்டலன்னாலும் டிரைவர் நிறுத்தணும். தெரியாதப்ப பச்ச காட்டற சிக்னல் கொலகாரன்னு சொல்வாரு. சின்ன வயசுலருந்து கேட்டுக்கினு இருந்தேன்." துடிக்கும் பச்சையைக் கையால் காட்டினார். "செத்ததுக்கு நாடி வெச்சிருக்கேன்."

மூக்கா சார்?

அந்த வாரமே மார்ட்டின் வேலையை விட்டார். வெளிநாட்டுக்காரர்களுக்கும் இரண்டு வரியில் எழுதியிருந்தார்: இந்தப் பலகைக்கு இனி நான் பொறுப்பேற்க இயலாது, என் பெயரை எடுத்துவிடுங்கள். அவர்கள் நன்றி சொல்லி எடுத்துவிட்டார்கள். அங்கே பலரும் வருவார்கள், போவார்கள். ஏன் என்று கேட்பது அவர்கள் வழக்கம் இல்லை.

மேனேஜர் என்னை அழைத்தார்.

"பொட்டிங்க எல்லாத்தையும் கழட்டிடும்மா. ஓசில வர்றது இப்டித்தான் இருக்கும். பழைய மாதிரியே பாத்துக்கலாம்."

"பழைய மாதிரின்னா மூக்கா சார்?"

அவர் மேசையைப் பார்த்தார். கெட்டவர் அல்ல, பயந்திருந்தார். "அடுத்த சம்ப் கிளீனிங்குக்குள்ள சரி பண்ணு. இல்லன்னா கழட்டிடு" என்றார். பலகைக்கும் ஒரு கெடு இருந்தது. அடுத்த ரிலீஸுக்குள் யாராவது பெயர் தராவிட்டால் அது கைவிடப்பட்டவற்றின் வரிசைக்குப் போகும். பிறகு பிழையை நாங்களே கண்டுபிடித்தாலும் திருத்தத்தைப் பெற்றுக்கொள்ள ஆளிருக்காது. என் பெயரைக் கொடுத்தேன்.

பிழை எங்கே இருக்கிறது என்று தேடுவதற்கு, நான் முகம் பார்த்திராத ஒருவர் தினமும் உதவினார். அவரிடமும் அதே பலகை இருந்தது. ஆனால் அவர் ஊரில் எங்கள் ஊர் ஈரம் இல்லை. கொதிக்கும் பாத்திரத்தின் மேல் பலகையைப் பிடித்துக்கொண்டு நான் சோதித்ததைச் சொன்னபோது, தானும் அப்படியே செய்து பார்த்ததாக எழுதினார். என் மாமியார், "கம்பெனில ஆவி புடிக்கச் சொன்னாங்களா?" என்று கேட்டார். அந்த நாட்களில் நான் சிரித்தது அதற்கு மட்டும்தான்.

பாதை சரியாயிற்று. அதோடு விளக்கையும் மாற்றினேன். பச்சையைக் கர்னலிடமிருந்து பிரித்தேன். சென்சாரிலிருந்து ஒவ்வொரு புது அளவு வரும்போதும் புரோகிராம் அதைத் தூண்ட வேண்டும். தூண்டல் நின்றால் விளக்கு தானாக அணையும், ஹூட்டர் கத்தும். இருட்டாக இருந்தால் இறங்காதே.

மூன்றாவது சம்ப் ஓரத்தில் எல்லோர் முன்பும் செய்து காட்டினேன். சென்சார் ஒயரைப் பிடுங்கினேன். விளக்கு அணைந்தது. குப்பன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"அன்னிக்கு ஒயரு நல்லாத்தான் இருந்துது மேடம்."

அவன் சொன்னது நியாயம். ஒயரை மாட்டிவிட்டு, லேப்டாப்பிலிருந்து புரோகிராமை மட்டும் நடுவழியில் உறைய வைத்தேன். அன்று நடந்தது அதுதான். பச்சை இரண்டு முறை மினுங்கியது, அணைந்தது, ஹூட்டர் அலறியது. குப்பன் பெட்டியின் அருகே வந்து, அணைந்த விளக்கின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். "இப்ப சரி" என்றான்.

ஏழுமலை அப்போது நிலையத்தின் கேட்டில் உட்காரும் வேலைக்கு மாறியிருந்தான். பொதுவில் எழுதுகிறவர்களிடம் இன்னொரு வழக்கம் உண்டு: ஒரு பிழையைத் திருத்தினால், அதை முதலில் கண்டு சொன்னவரின் பெயரைத் திருத்தத்தின் கீழே ஒரு வரியாக எழுதுவார்கள். அந்த வரி அழிக்கப்படுவதில்லை. யார் பெயர் என்று அந்த வெளிநாட்டுக்காரர் கேட்டபோது, ஏழுமலை என்று எழுதினேன். கேட்டுக்குப் போய் அவனிடமும் சொன்னேன்.

"என் பேரா? கம்ப்யூட்டர்லயா?" கரகரப்புக்கிடையே சிரித்தான். "ரேஷன் கார்டுலயே என் பேரு தப்பு மேடம். இதுலயாவது ஒழுங்கா போட்டீங்களா?" பிறகு சிரிப்பை நிறுத்தி, "மார்ட்டின் சார் பேரு?" என்றான்.

"அவரே எடுத்துட்டாரு."

"அவரு எடுத்தா? நீங்க உட்ருவீங்களா?" அவன் முதல் முறையாக என்னிடம் கோபப்பட்டான். "நான் ஆஸ்பத்திரிலருந்து வந்த உடனே ஜோலார்பேட்டைக்குப் போனேன். நான் நல்லா கீறேன் சார்னு சொல்லத்தான். அவரு கதவத் தொறக்கல. உள்ள ஃபேன் சுத்தற சத்தம் கேக்குது மேடம். ஆளு கீறாரு. தொறக்கல."

ஜோலார்பேட்டையில்

திருத்திய பெட்டி ஒன்றைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு பாசஞ்சரில் போனேன். ஸ்டேஷனுக்குப் பின்புறத் தெருவில் அவர் வீடு. அவர் மனைவி ஸ்டெல்லா கதவைத் திறந்து, "உள்ளதான் இருக்காரு அக்கா. எங்கயும் போறதில்ல" என்று மெதுவாகச் சொன்னாள்.

மார்ட்டின் வந்து எதிரே உட்கார்ந்தார். மெலிந்திருந்தார். பெட்டியை மேசைமேல் வைத்து இயக்கினேன். பச்சை துடித்தது. புரோகிராமை உறைய வைத்தேன். அணைந்தது. ஹூட்டரின் வாயில் முன்பே துணி அடைத்திருந்தேன், அது முனகியது.

நெடுநேரம் பார்த்தார். தொடவில்லை.

"நல்லா இருக்கு" என்றார். "இருட்டுன்னா எறங்க மாட்டானுங்க இல்ல?"

"மாட்டானுங்க. குப்பன் ஒத்துக்கினான்."

"அவன் ஒத்துக்கினா சரி."

"மார்ட்டின், ஏழுமலை உசுரோட இருக்கான். நீ கதவத் தொறந்திருக்கலாம்."

"குப்பன் இழுத்ததால இருக்கான். என் லைட்டால இல்ல."

"டெஸ்ட் பண்ணச் சொன்ன எல்லாத்தையும் நீ பண்ண. அதுல சென்சாரே இல்ல. யாரா இருந்தாலும்..."

"சொன்னத மட்டும் பண்ணேன் விமலா." அவர் குரல் உயரவில்லை. யார்டில் ஒரு கூட்ஸ் வண்டி கிளம்பும் சத்தம் வந்தது. அது முழுதும் கடந்து போகும்வரை காத்திருந்தார். "எங்கப்பா இருந்த வரைக்கும் இந்த யார்டுல தப்பா ஒரு பச்ச விழுந்ததில்ல. அவருக்கு யாரும் லிஸ்ட் குடுக்கல."

என் பெயருக்குப் பக்கத்தில் அவர் பெயரையும் சேர்க்கிறேன் என்றேன். வேண்டாம் என்றார். சும்மா ஒரு வரி, உன் பெட்டி இது என்றேன். மறுபடி வேண்டாம் என்றார். ஸ்டெல்லா காபி கொண்டுவந்தாள். மூவரும் பெட்டியைப் பார்த்துக்கொண்டே குடித்தோம். நான் கிளம்பும்போது அவரே அதைத் துணிப்பையில் வைத்து, ஒயரை ஒழுங்காகச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தார். பாலிடெக்னிக் காலத்திலிருந்தே ஒயரை அப்படிச் சுருட்டுகிறவர். ஒரு நாள் வருவார் என்று அந்த ரப்பர் பேண்டைப் பார்த்து நம்பினேன். அவர் வரவில்லை. பிறகு அவரும் ஸ்டெல்லாவும் மகளோடு ஓசூருக்குப் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். ஒரு பெயின்ட் கடையில் இருக்கிறாராம். கம்ப்யூட்டர் வேலை எதையும் தொடுவதில்லையாம்.

இன்று

பெரிய சம்புகளுக்கு இப்போது மெஷின் வந்துவிட்டது, ஆள் இறங்குவதில்லை. சின்னவற்றில் இன்னும் பெட்டிகள் இருக்கின்றன. நான் நிலையத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். அந்தப் பலகை கடைகளில் கிடைப்பதில்லை. என்னிடம் மீதமிருப்பவற்றில் ஒவ்வொரு ரிலீஸையும் ஏற்றி, கொதிக்கும் பாத்திரத்தின் மேல் பிடித்து, சோதித்துத் தெரிவிக்கிறேன். இப்போது அந்தச் சோதனைகளின் வரிசையில் சென்சாரும் இருக்கிறது. அதைச் சேர்க்கச் சொன்னது நான். ஆனால் அந்த வரி மார்ட்டினுடையது என்று எனக்குத் தெரியும்.

இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இரண்டு. ஒரு விளக்கு தனக்குத் தெரிந்ததை மட்டுமே சொல்ல வேண்டும்; தெரியாதபோது அணைந்துவிட வேண்டும். இதை நான் எளிதாகக் கற்றேன். மற்றது, சம்பில் இறங்குகிறவனுக்கு மேலே கயிறு பிடிக்க ஒருவன் இருந்தான். பலகைக்கு எதிரே தன் பெயரைத் தனியாக எழுதியவருக்கு அப்படி யாரும் இல்லை. அவர் விழுந்தபோது எங்கள் கையில் கனக்க ஒரு கயிறு இருக்கவில்லை. இதைக் கற்றபோது நேரம் கடந்திருந்தது. ஆகவே ஒற்றைப் பெயரோடு எந்த வேலையையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பட்டியலில் என் பெயருக்குக் கீழே ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன். ஒவ்வொரு ரிலீஸிலும் அங்கிருந்து கேட்கிறார்கள், அது பிழையா என்று. இல்லை, அப்படியே இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

போன வாரம் மேசையில் பலகையின் விளக்கு துடித்துக்கொண்டிருந்தபோது, என் மாமியார் வழக்கம்போல் ரசத்தைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்.

"ரிட்டயர் ஆகியும் உடமாட்றானே உங்க கம்பெனிக்காரன். அங்க எத்தினி பேருதாம்மா இருக்கறீங்க?"

"ரெண்டு பேரு இருந்தோம் அத்தை" என்றேன். "இப்ப நான் இருக்கேன்."